இரண்டரை மாதக் குழந்தை, 103 டிகிரி, ஐப்பசி மழை

எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் ஆம்பளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோதான் இருப்பார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்கள் கைக்குழந்தையோடு ஆறேழு மாதம் இருந்துவிட்டுத்தான் திரும்புவார்கள். நானும் அப்படி வந்தவள். மன்னார்குடிக்கும் வடுவூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அவர் சிங்கப்பூரில். போன ஐப்பசியில் பையனுக்குக் காய்ச்சல் வந்து, அவனைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் ஓடி, ஒரு வாரம் போல ஆஸ்பத்திரியில் கிடந்தோம். மருந்து, ஊசி எல்லாம் டாக்டர் பார்த்துக்கொண்டார். அது போக ஆஸ்பத்திரிக்குள் பெற்றவள் தலையில் வந்து விழும் வேலைகள் அத்தனை இருக்கின்றன. பிரசவத்துக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று ஊரே வந்து சொன்னது. இதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்கிற பயமோ என்னவோ. எனக்கு அந்தப் பயம் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்தாவது வாரத் தடுப்பூசி போட்டோம். போட்ட செவிலியர் அக்கா, "இன்னிக்கு ராத்திரி சுடும், பயந்துக்காத. சொட்டு மருந்து குடு. காய்ச்சல் விட்டுட்டு மறுபடி வந்தாலோ, பால் குடிக்கலைன்னாலோ எனக்குப் போன் பண்ணிக்கிட்டு இருக்காத, நேரா டாக்டர்கிட்ட போயிரு" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவர் சொன்னபடியே அன்று ராத்திரி சுட்டது, வியாழக்கிழமை தணிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு மறுபடி உடம்பு கொதித்தது. "தடுப்பூசிக் காய்ச்சல் மூணு நாள் இருக்கும்டி" என்றார்கள் வீட்டில். எனக்கு அந்த அக்கா சொன்னது காதிலேயே நின்றது. தடுப்பூசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் முதல் நாளே தலைகாட்டி ஒன்றிரண்டு நாளில் போய்விடும், நடுவில் விட்டுவிட்டு மறுபடி ஏறினால் வேறு காரணம் தேட வேண்டும் என்று பிறகு தஞ்சாவூர் டாக்டரும் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவிருக்கட்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி, அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே அது வீட்டில் வைத்துப் பார்க்கிற காய்ச்சல் இல்லை. நாலு வயசுப் பிள்ளை 103-லும் ஓடி விளையாடும். இரண்டு மாதக் குழந்தைக்கு 101 என்றாலும் அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும். இந்த வயதில் கிருமி ரத்தத்தில் கலந்தாலும் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, சில சமயம் காய்ச்சல் மட்டும்தான் தெரியும் என்பதுதான் காரணம். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இருநூறு ரூபாய் கொடுத்து ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அக்குளில் வைத்து, கையை ஒட்டிப் பிடித்து, சத்தம் வரும் வரை பொறுத்துப் பாருங்கள். "சுடுது டாக்டர்" என்பதற்கும் "சாயங்காலம் ஆறு மணிக்கு 101.4 டாக்டர்" என்பதற்கும் கிடைக்கிற மரியாதையே வேறு.

பாராசிட்டமால் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குக் கொடுக்கும் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125, சிலதில் 250. இரண்டும் ஒரே பெயரில், ஒரே கம்பெனி அட்டைப்பெட்டியில் வரும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. ஐந்து கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்து என்றால் முக்கால் மில்லிக்குள் முடிந்துவிடும். பக்கத்து வீட்டில் சிரப் கொடுத்த பழக்கத்தில் "மூணு மில்லி குடு" என்று யாராவது சொல்லி, நீங்கள் சொட்டு மருந்தில் மூன்று மில்லி எடுத்தால் நாலு மடங்கு போய்விடும். அதனால் பாட்டிலை எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டி, இந்த எடைக்கு இந்த பாட்டிலில் எத்தனை மில்லி என்று அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். நல்ல கூட்டம். பார்த்தவர் தடுப்பூசிக் காய்ச்சல்தான் என்று சொல்லி, தொடையில் ஒரு ஊசி போட்டு, சீட்டில் சிரப் மட்டும் எழுதிக் கொடுத்தார். என்ன ஊசி என்று சீட்டில் இல்லை. மத்தியானம் காய்ச்சல் இறங்கியது, எல்லோரும் சாப்பிட்டோம். இருட்டினதும் 103. அதைவிடப் பயம் கொடுத்தது அவன் சத்தமே இல்லாமல் கிடந்ததுதான். மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு, அப்படியே கண் சொருகித் தூங்கினான். காலில் சுண்டினால் முனகல். அதுவரைக்கும் ராத்திரி ராத்திரி அழுகிறானே என்று அலுத்துக்கொண்டவள் நான். அன்றைக்கு ஒரு அழுகைச் சத்தத்துக்கு ஏங்கினேன். பால் குடிக்க மாட்டேன் என்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, நெஞ்சுக்கூடு உள்வாங்க மூச்சு வாங்குவது, உச்சிக்குழி புடைத்துத் தெரிவது, வலிப்பு, உதடு நீலம் பாய்வது, ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாதது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முடிந்த குழந்தை நிமிஷத்துக்கு ஐம்பது, அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேகம்.

வீட்டில் அப்பா இல்லை. குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்தார். மழையில் நெல் நனைந்து ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டியதால் எடை போடவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரியில் அங்கேயே குவியல் பக்கத்தில் காவல் படுத்திருந்தார். நெல் காசாகவில்லை, வீட்டில் ரொக்கமும் இல்லை. என் கணக்கில் ஒன்பதாயிரமோ என்னவோ இருந்தது. 108-ஐக் கூப்பிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பியின் கூட்டாளி ஒருவன் காரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டான். நீடாமங்கலம் பக்கம் போனால் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வோம், மன்னார்குடி ரயிலுக்கு என்ஜின் மாற்றுகிறேன் என்று மூடினால் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் வடுவூர் வழி. ஏரிக்கரைச் சாலையில் மழை கண்ணை மறைத்தது. வடுவூர் ராமரை அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரி நான் எப்போதும் கூப்பிட்டதில்லை. காரில் அம்மா அவனைக் கம்பளியில் சுற்றி, காதுக்குக் குல்லா போட்டுவைத்திருந்தாள். சுடுகிற உடம்பை அப்படிப் பொதிந்தால் சூடு இன்னும் ஏறும் என்று ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக அதைத்தான் கழற்றினார்கள். ஒரு பருத்திச் சட்டை போதும். ஐஸ் தண்ணீரில் துடைப்பதும் கூடாது. துடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

தஞ்சாவூரில் நாங்கள் போனது மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு தனியார் குழந்தைகள் ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் இருந்த டியூட்டி டாக்டர் சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். கை குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தது, வாய் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை வாரத்தில் பிறந்தான், பிறந்த எடை என்ன, கடைசியாக எடை போட்டது எப்போது, என்ன தடுப்பூசி, காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது, கடைசி டோஸ் மருந்து எத்தனை மணிக்கு, கடைசியாகச் சிறுநீர் எப்போது. தடுப்பூசி அட்டை பையில் இருந்ததால் பாதிக்குப் பதில் அதிலேயே கிடைத்தது. "காலைல என்ன ஊசி போட்டாங்க?" என்றார். தெரியவில்லை. தம்பி கிளினிக் நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தான், யாரும் எடுக்கவில்லை. அது ஆன்டிபயாடிக்காக இருந்தால் சிறுநீரிலும் ரத்தத்திலும் கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் டெஸ்டில் கிருமி சரியாக முளைக்காமல் போகலாம், அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றிலிருந்து யார் ஊசி போட்டாலும், "சீட்டுல பேர் எழுதிக் குடுங்க" என்று நின்று வாங்கிக்கொண்டுதான் நகர்கிறேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கைக்குழந்தைக்கு நரம்பு கிடைப்பது லேசில்லை. கையில் குத்தி, காலில் குத்தி, கடைசியில் தலையில்தான் கிடைத்தது. அதற்காகக் காதுக்கு மேலே ஒரு கைப்பிடி முடியைச் சிரைத்துவிட்டார்கள். வைத்தீஸ்வரன் கோவிலில் முதல் மொட்டை என்று வேண்டியிருந்த பிள்ளை. அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த சிஸ்டர் சத்தம் போடாமல் முடியை ஒரு காகிதத்தில் மடித்து அம்மா கையில் கொடுத்து, "உண்டியல்ல போட்டுருங்கம்மா, சாமி ஒத்துக்கும்" என்றார். ஊசி குத்தும்போது உங்களை வெளியே போகச் சொல்வார்கள், போய்விடுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நீங்கள் அழுதால் அவர்களுக்குக் கை நடுங்கும். ஊசி ஏறிய பிறகுதான் உங்கள் வேலை. டிரிப்ஸ் ஓடும்போது ஊசி இருக்கிற இடம் வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, தொட்டால் ஜில்லென்று கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நரம்பை விட்டு விலகி மருந்து வெளியே இறங்கினால் குழந்தைக்கு வலி தாங்காது. ஒரு தடவை நான்தான் பார்த்துச் சொன்னேன், உடனே நிறுத்தினார்கள். நாலு படுக்கைக்கு ஒரு சிஸ்டர், அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சிறுநீரைப் பையில் பிடிக்காமல் மெல்லிய குழாய் போட்டு எடுத்தார்கள். பையில் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமி கலந்து தப்பான முடிவு காட்டும் என்றார்கள். கொஞ்ச நேரத்திலேயே, சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கின்றன, சிறுநீர்ப் பாதையில் தொற்று என்று தெரிந்துவிட்டது. அப்பாடா என்று உட்காரப் போனேன். அப்போது பெரிய டாக்டர் வந்து, குழந்தை இவ்வளவு மந்தமாக இருப்பதால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்ய முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், கையெழுத்து போடுங்கள் என்றார். கார் ஓட்டி வந்த பையன் ஊருக்குப் போன் போட்டுவிட்டான். பத்து நிமிஷத்தில் மாமா, சித்தப்பா, யார் யாரோ லைனில். "முதுகுல குத்தினா இடுப்பு விளங்காமப் போயிரும், விடாத" என்றார்கள். பெற்றவர்கள்தான் கையெழுத்து போட முடியும், அவர் கடலுக்கு அந்தப் பக்கம். நான் டாக்டரிடமே கேட்டேன், இடுப்பு விளங்காமல் போகுமா என்று. அவர் கோபப்படவில்லை. ஒரு தாளில் முதுகெலும்பு வரைந்து, தண்டுவடம் எங்கே முடிகிறது, ஊசி அதற்கும் கீழே எங்கே போகிறது என்று காட்டினார். மூளைக்காய்ச்சல் இருந்து தெரியாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னார். போட்டேன். விடியும்போது, நீர் தெளிவாக இருக்கிறது, மூளைக்காய்ச்சல் இல்லை என்று வந்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

அந்த மாதிரி நேரத்தில் போனில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பயம்தான் வரும். எதிரில் நிற்கிற டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்காக இந்த டெஸ்ட், செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து. பதில் சொல்லாத டாக்டரை நான் அங்கே பார்க்கவில்லை. கேட்காத சொந்தக்காரர்களைத்தான் பார்த்தேன்.

மருந்து ஏறினதும் காய்ச்சல் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஆன்டிபயாடிக் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அத்தனை உயிர் போயிருக்காது. அந்தக் காத்திருப்புதான் இருப்பதிலேயே மோசம். போதாததற்கு வந்தவர்கள் எல்லோரும் என்னை விசாரித்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினாயா, வெள்ளரிக்காய் தின்றாயா, இளநீர் குடித்தாயா, பத்தியத்தை எப்போது விட்டாய். ஒரு அத்தை, "தாய்ப்பால் வழியாத்தான் குளிர்ச்சி இறங்கியிருக்கும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். வீட்டுக்காரரும் சிங்கப்பூரிலிருந்து, "ஏன் வெள்ளிக்கிழமையே தஞ்சாவூர் போகல?" என்றார். போனை வைத்துவிட்டேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, அங்கே வேலை ஓடவில்லை, பயத்தில் கேட்டுவிட்டேன் என்றார். டாக்டரிடம் சாப்பாட்டு விஷயத்தைக் கேட்டேன். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் மலத்தில் இருக்கிற ஈ.கோலை கிருமி, நீங்கள் சாப்பிட்ட வெள்ளரிக்காய் அங்கே போக வழியில்லை என்றார். அதை அப்படியே அத்தைக்கு வாய்ஸ் மெசேஜாகப் போட்டேன். அதற்குப் பிறகு, தினமும் ராத்திரி தம்பி ஒருவன் மட்டும் குடும்பக் குழுவில் நிலவரம் சொல்வது, மற்றவர்கள் என்னைக் கூப்பிடக் கூடாது என்று ஏற்பாடு செய்தோம். நிம்மதி.

பால் விஷயம் யாருமே சொல்லித்தராதது. அவன் குடிக்கவில்லை, எனக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, எனக்கே காய்ச்சல் வருகிற மாதிரி ஆகிவிட்டது. கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தேன். நைட் சிஸ்டர் பார்த்துவிட்டுத் திட்டினார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கையாலேயே பீய்ச்சி, கொதிக்கவைத்த கிண்ணத்தில் எடுத்து, பாலாடையில் அளந்து கொடுக்கச் சொன்னார். முதலில் ஐந்து மில்லி, அப்புறம் பத்து, இருபது. பீய்ச்சிய பால் வெளியே நாலு மணி நேரம் தாங்கும். இதைச் செய்யாமல் விட்டால் குழந்தை தேறி வரும்போது பால் வற்றிப்போயிருக்கும். நீங்கள் சாப்பிட்டால்தான் பால் வரும் என்பதும் அங்கே மறந்துபோகிற ஒன்று. முதல் நாள் நான் டீயும் பன்னும் தவிர எதுவும் தொடவில்லை, எழுந்தால் கண் இருட்டியது. மெஸ்காரரிடம் பேசி மூன்று வேளைக்கும் பணம் கட்டிவிடுங்கள், சாப்பாடு தானாக வந்துவிடும். முன்பக்கம் திறக்கிற நைட்டி நாலு, ஃபிளாஸ்க், நீள ஒயர் வைத்த பிளக் பாயின்ட், சில்லறை நோட்டுகள், கொசுவலை, இவை இருந்தால் பாதிப் பாடு குறையும்.

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அந்த வாரத்தில் நான் செய்த நல்ல காரியம் அதுதான். நேரம், காய்ச்சல், கொடுத்த மருந்து, குடித்த பால், சிறுநீர், மலம் என்று கோடு போட்டு எழுதினேன். டியூட்டி மாறும்போது புது சிஸ்டர் பாராசிட்டமால் எடுத்து வந்தார். நோட்டைப் பார்த்தால் முந்தைய டோஸ் கொடுத்து மூன்று மணி நேரம் கூட ஆகவில்லை. காட்டினேன், சார்ட்டைச் சரிபார்த்துவிட்டு எடுத்துப் போய்விட்டார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் ஒரு படுக்கையில் இரண்டு நிமிஷம் நின்றால் அதிகம். அவர் வருவதற்குள் கேள்விகளை அதே நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோகும், எனக்கு முதல் நாள் அப்படித்தான் ஆனது.

பக்கத்துப் படுக்கைக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு ஒன்றரை வயதுப் பெண் குழந்தை வந்தது. காய்ச்சலில் வலிப்பு. வீட்டில் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் ஸ்பூனை வைத்துப் பல்லுக்கிடையில் ரத்தம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைக்கும் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு இப்படி வரும், பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் தானாக நின்றுவிடும் என்று சிஸ்டர் அந்த அம்மாவுக்குச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டேன். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையைக் காலைப் பிடித்து அழுத்தக் கூடாது, கடிகாரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. இரும்பு கொடுத்தால் நிற்கும் என்பது, அது தானாக நிற்கிற நேரத்தில் நாம் இரும்பு கொடுப்பதால் வந்த நம்பிக்கை.

அம்மாச்சி திங்கட்கிழமை வந்தது. மடியில் வைத்தீஸ்வரன் கோவிலில் மருந்தாகத் தருகிற பிரசாதமான திருச்சாந்துருண்டை. பாலில் உரைத்து நாக்கில் தடவ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. ஆறு மாதம் வரைக்கும் பாலும் டாக்டர் மருந்தும் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது என்றால் கேட்கிற ஆளில்லை. சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. "அம்மாச்சி, திருநீறு நெத்தியில பூசு, உருண்டையைத் தலையணைக்கு அடியில வை, சாமி அங்கேருந்தே பாக்கும்" என்றேன். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் வெளியே யாரோ தீபாவளி வெடி வெடித்தார்கள். பையன் திடுக்கிட்டு வீறிட்டான். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ராத்திரி 99. அதற்கு அம்மாச்சி சொல்லும் காரணம் வேறு, டாக்டர் சொல்லும் காரணம் வேறு.

இனி பணம். அட்மிஷனுக்கு அட்வான்ஸ் பதினைந்தாயிரம், தம்பியின் நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஜிபேயில் போட்டார்கள். மொத்தம் அறுபதாயிரத்தைத் தாண்டியது. குழந்தைகள் ஐசியூ வாடகையும் லேப் டெஸ்டும்தான் அதில் பெரிது. திங்கட்கிழமை என் வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் கட்டினோம். எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டில் குழந்தையை 91-ஆம் நாளிலிருந்துதான் சேர்ப்பார்களாம். பல பாலிசிகள் இப்படித்தான். பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குக் காப்பு வேண்டுமென்றால் அந்த வசதி உள்ள பிரசவக் காப்பீட்டை முன்னாடியே எடுத்திருக்க வேண்டும். கம்பெனி காப்பீடு என்றால் பிறந்த உடனே பெயர் சேர்க்கக் கெடு வைத்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு, பட்டியலில் இருக்கிற சிகிச்சைகளுக்கு. அந்த அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு வருமானச் சான்றிதழ் கிடைக்காது. இன்னொன்று, பார்மஸியில் வாங்கிப் பிரிக்காமல் மிஞ்சிய மருந்து, ஊசி, டிரிப்ஸ் செட் எல்லாவற்றையும் டிஸ்சார்ஜுக்கு முன் பில்லோடு திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும். எங்களுக்கு ஆயிரத்து எண்ணூறு திரும்பி வந்தது.

பக்கத்துப் படுக்கை அம்மா ஒன்று கேட்டார். "ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு ஏன் போகல? என் மூத்தவனுக்கு அங்கதான் பாத்தேன், ஒரு பைசா செலவில்ல." தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த தாய் சேய் ஆஸ்பத்திரி அது, டெல்டா முழுக்க அங்கே பிள்ளை பிறந்தவர்கள்தான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளிநாட்டுச் சம்பளக்காரன் பிள்ளையை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊர் என்ன சொல்லும் என்பது எங்கள் பக்கம் பேசப்படாத ஒரு கணக்கு. கூட்டம் இருக்கும், ஒரு படுக்கைக்கு ஒருத்தர்தான் கூட இருக்க முடியும், உண்மைதான். ஆனால் கையில் பணம் இல்லாத ராத்திரியில் பணத்துக்கு அலைகிற ஒரு மணி நேரம் குழந்தையின் நேரம். அந்த நிலையில் இருப்பவர்கள் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கல்ச்சரில் ஈ.கோலை வந்தது. நல்லவேளை, ஓடிக்கொண்டிருந்த மருந்துக்கே கட்டுப்படுகிற கிருமி. ஊசி முடிந்து மீதி நாளுக்கு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். பவுடராக வரும் சிரப்பைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கோடு வரைக்கும் கலக்கி, எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று பாட்டிலில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் கல்ச்சர் ரிப்போர்ட், கொடுத்த மருந்தின் பெயர், குழந்தையின் எடை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கல்ச்சர் ரிப்போர்ட் இணைக்க மறந்திருந்தார்கள், கேட்டு வாங்கினேன். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிட்டேன். ஊர் வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் அப்பாவின் நெல் எடை போட்டார்கள்.

ஸ்கேனில் இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. தொற்றினால் வந்த வீக்கமாகவும் இருக்கலாம், சிறுநீர் திரும்ப மேலே ஏறுகிற கோளாறாகவும் இருக்கலாம், தை மாதம் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். திரும்பவும் தொற்று வந்தால் இன்னொரு பரிசோதனை இருக்கிறதாம். அது வரைக்கும் சளி இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் வந்தால், எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன் அன்றைக்கே சிறுநீர் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துத் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன். ஸ்கேனுக்குப் போகிறவர்கள் அரை மணி நேரத்துக்கு முன் நன்றாகப் பால் கொடுத்துவிட்டுப் போங்கள், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் சரியாகத் தெரியும்.